கனவில் கழுகும் குன்றில் கழுகும்: திருக்கழுக்குன்றத்தை முன்வைத்து ஒரு குறிப்பொருள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கனவில் கழுகைக் காண்டல் தீக்குறி என்பது இந்திய மருத்துவ, நிமித்த நூல்களில் நிலைபெற்ற கருத்து. செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்திலோ நனவில் கழுகைக் காண்டல் பெறற்கரிய பேறாகப் போற்றப்பட்டது. ஒரே பறவை இருவேறு பொருள் தாங்கியமைக்கான காரணத்தைச் சங்கப் பாடல், சிலப்பதிகாரம், வடமொழி மருத்துவ நூல்கள், தலபுராண மரபு ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. கழுகின் குறிப்பொருளைத் தீர்மானிப்பது காண்பவர்க்கும் அப்பறவைக்கும் இடையே நிலவிய உறவே என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: கழுகு, எருவை, பாறு, கனா, நிமித்தம், திருக்கழுக்குன்றம், பட்சி தீர்த்தம்.

எந்தக் கழுகு?

கனவுப் பலன் கூறும் மலிவுப் பதிப்புகளும் நாள்காட்டிக் குறிப்புகளும் ‘கழுகு’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே பலன் உரைக்கின்றன. அச்சொல் எப்பறவையைக் குறிக்கிறது என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. இன்றைய வழக்கில் உயிருள்ள இரையைப் பற்றி உண்ணும் பறவையும் கழுகு. பிணம் தின்னும் பறவையும் கழுகு. பின்னதை வேறுபடுத்த வேண்டின் ‘பிணந்தின்னிக் கழுகு’ என அடைகொடுத்துச் சொல்கிறோம். பழந்தமிழில் எருவை, பாறு, கழுகு, பருந்து எனச் சொற்கள் பல இருந்தும் அவற்றின் எல்லைகள் அன்றே கலந்திருந்தன. புறநானூற்றின் பழைய உரைகாரர் எருவை என்பதைத் தலை வெளுத்து உடல் சிவந்த ஒருவகைப் பருந்து என விளக்கி, கழுகு எனினும் பொருந்தும் என்று இடம் விடுகிறார். தலை வெளுத்து உடல் சிவந்தது என்றால் இன்று நாம் கருடன் என வணங்கும் செம்பருந்தே நினைவுக்கு வரும். கருடனும் பிணந்தின்னியும் ஒரு சொல்லின் கீழ் நிற்கக்கூடுமாயின், அச்சொல்லுக்குக் கூறப்படும் கனவுப் பலன் எதற்கு உரியது?

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. லியொனார்தோ தா வின்சி தம் குழந்தைப் பருவ நினைவாக எழுதிவைத்த ஒரு குறிப்பில், தொட்டிலில் கிடந்த தம்மிடம் ஒரு பறவை வந்து வாலால் வாயைத் தொட்டதாகக் கூறுகிறார். சிக்மண்ட் பிராய்டு 1910இல் வெளியிட்ட நூலில் அப்பறவையைப் பிணந்தின்னிக் கழுகு எனக் கொண்டு, எகிப்தியத் தாய்த்தெய்வமான மூத் வரை அதன் குறிப்பொருளை விரித்தார். லியொனார்தோ எழுதிய இத்தாலியச் சொல்லோ பருந்தைக் குறிப்பது. அவர் பயன்படுத்திய செருமானிய மொழிபெயர்ப்பில் பறவை மாறியிருந்தது. பறவையின் பெயர் பிழைத்தமையால் அதன்மேல் எழுந்த உளப்பகுப்பின் ஒரு பெரும்பகுதி ஆட்டம் கண்டது. கனாக்குறி ஆய்வில் முதற்கடன் பறவையை இனங்காண்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

திருக்கழுக்குன்றத்தைப் பொறுத்தவரை இச்சிக்கல் இல்லை. அங்கு வந்த பறவை, வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கரிய சிறகு நுனியும் உடைய மஞ்சள்முகப் பாறு. எகிப்திய எழுத்தோவியங்களில் ஓர் எழுத்தாகவே இடம்பெற்ற அதே இனம். இந்தியாவில் வாழும் அதன் கிளையினத்தின் அறிவியற் பெயர் ‘ஜிஞ்சினியானஸ்’ என்பது. செஞ்சி என்னும் நம் ஊர்ப்பெயரின் பிரெஞ்சு வடிவமான ‘ஜிஞ்சி’யிலிருந்து பிறந்தது அது. பிரெஞ்சுப் பயணி சோனரா 1782இல் வெளியிட்ட நூலில் இப்பறவையைச் செஞ்சிக் கழுகு என்றே வண்ணித்திருந்தார். தொண்டை நாட்டிலும் அதையடுத்த நடுநாட்டிலும் இப்பறவை அன்று அயலார் கண்ணிற் படுமளவு பரவலாக இருந்தது எனக் கருதலாம்.

கனவில் வராத பறவை

தமிழ் இலக்கியத்தில் கழுகு பெரிதும் போர்க்களத்துக்கும் பாலைக்கும் உரியது. பாலைத்திணையின் கருப்பொருளாகக் கழுகையும் பருந்தையும் இலக்கண உரைகள் கூறுகின்றன. ஆறலைகள்வரால் வீழ்ந்தாரின் உடலை உண்ண அவை வட்டமிடும் காட்சி அகப்பாடல்களிற் பயின்று வருவது. கலிங்கத்துப்பரணியின் களக்காட்சியில் பேய்க்கும் கழுகுக்கும் ஒரே விருந்து. இவ்வளவு அச்சம் தரும் பறவை கனாக்குறியாகவும் பழந்தமிழில் வந்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்ப்போம். அவ்வாறு வரவில்லை என்பதே கவனத்துக்குரியது.

கோவூர்கிழார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 41ஆம் பாடல் இவ்வகையில் முதன்மையான சான்று. அவன் பகைவர் நாட்டில் தோன்றும் தீக்குறிகளைப் புலவர் இரு கூறாக அடுக்குகிறார். நனவில் காண்பன ஒரு கூறு: எரிமீன் வீழ்தல், மரம் வற்றுதல், அஞ்சத்தகும் பறவைக்குரல் எழுதல் முதலியன. கனவில் காண்பன மறுகூறு: பல் நிலத்தில் வீழ்தல், தலையில் எண்ணெய் வார்த்தல், பன்றிமேல் ஏறுதல், உடை களைதல், படைக்கலம் கட்டிலொடு கவிழ்தல். பறவை நனவின் பக்கம் நிற்கிறது. அங்கும் அது குரலாகவே வருகிறது, உருவாக அன்று. கனவின் பட்டியலில் பறவையே இல்லை.

சிலப்பதிகாரத்தின் மூன்று கனாக்களும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. கண்ணகி காண்பது அயலூரில் ஏறும் பழியும் அதன்பின் அரசற்கும் ஊர்க்கும் உறும் தீங்கும். கோவலன் காண்பது உடை இழத்தலும் கொம்புடைய விலங்கின்மேல் ஊர்தலும். கோப்பெருந்தேவி காண்பது செங்கோலும் குடையும் வீழ்தல், கடைமணி நடுங்குதல், இரவில் வானவில், பகலில் மீன்வீழ்வு. கோவலன் கனாவின் இரு கூறுகளும் கோவூர்கிழார் பட்டியலோடு நேரே பொருந்துவதால், கனாக்குறி மரபொன்று தமிழில் தொடர்ந்து நிலவியது தெளிவு. அடியார்க்குநல்லார் தம் உரையில் கனா நூலை எடுத்தாள்வதும் அம்மரபு நூல்வடிவம் பெற்றிருந்ததைக் காட்டுகிறது. கொலையும் எரியும் நிறைந்த ஒரு காப்பியத்தின் மூன்று கனாக்களிலும் கழுகு இல்லை.

வடமொழி மருத்துவ நூல்களின் நிலை வேறு. சரக சங்கிதையின் இந்திரியத்தானம் ஐந்தாம் இயல் நோயாளியின் இறுதியை முன்னறிவிக்கும் கனாக்களைத் தொகுக்கிறது. கழுகு, ஆந்தை, நாய், காக்கை ஆகியன தன்னைச் சூழ்ந்து நிற்கக் காண்பவன் அப்பட்டியலில் இடம்பெறுகிறான். வாக்படரின் அட்டாங்க இருதயம் சாரீரத்தானம் ஆறாம் இயலும் இதனை வழிமொழிகிறது. இங்கு நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். வாக்படர் அதே இடத்தில், சூழ்ந்து நின்றால் தீங்கு எனக் கூறும் கூட்டத்தில் பிரேதம், பிசாசு முதலியவற்றோடு திராவிடரையும் ஆந்திரரையும் சேர்க்கிறார். தமிழர் ஒருவர் தம் உறவினர் சூழ நிற்பதாகக் கனாக் கண்டால் அது சாவுக்குறி என்று எந்தத் தமிழ் மருத்துவரும் சொல்லியிரார். ஆக, இப்பட்டியல் உலகுக்குப் பொதுவான குறியகராதி அன்று. ஒரு குறிப்பிட்ட நிலத்திலும் சமூகத்திலும் நின்று பார்த்த ஒருவர்க்கு எது அயன்மையாகவும் அச்சமாகவும் தோன்றியதோ அதன் தொகுப்பு. திராவிடர்க்கு இது பொருந்துமாயின் கழுகுக்கும் பொருந்தும்.

கிரேக்கர் இதனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கனவுநூல் செய்த ஆர்த்தெமிதோரசு, கனவில் கழுகு வருதல் குயவர்க்கும் தோல் பதனிடுவோர்க்கும் நன்று என்கிறார். அவர்கள் ஊர்ப்புறத்தே வாழ்பவர், இறந்த உடல்களோடு தொழில்வழித் தொடர்புடையவர் என்பது அவர் காட்டும் காரணம். மருத்துவர்க்கும் நோயுற்றார்க்கும் அதே கனா தீது. கழுகின் தொழிலோடு தன் தொழில் இயையும் ஒருவர்க்கு அது அச்சம் தருவதில்லை என்னும் இக்கூற்று, சாதிப் படிநிலையில் தோல்தொழில் செய்வோரை ஊர்ப்புறத்தே வைத்த நம் சமூகத்துக்கும் நெருக்கமானது. நம் கனாநூல்களில் அவர்கள் நோக்கு பதிவாகவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

குன்றத்துக் காட்சி

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள திருக்கழுக்குன்றம் களத்தூர்க் கோட்டத்தைச் சார்ந்த பழைய ஊர். சோழன் முதலாம் ஆதித்தனுடையதாகக் கருதப்படும் இராசகேசரிவர்மனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, இவ்வூர் மூலத்தானத்துப் பெருமானடிகளுக்குக் கந்தசிஷ்யன் அளித்ததும் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காத்ததுமான கொடையைத் தானும் புதுப்பித்ததாகக் கூறுகிறது. வி. வெங்கய்யா எபிகிராபியா இண்டிகாவில் வெளியிட்ட இச்சாசனம் ஊரின் தொன்மையைப் பல்லவர் காலத்துக்குக் கொண்டு செல்கிறது. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். மாணிக்கவாசகரின் பதிகமும் உண்டு.

ஊர்ப்பெயரில் கழுகு இருக்கிறது. பதிகங்களிலோ கழுகுக்கு உணவூட்டும் சடங்கு பேசப்படவில்லை. இதை வெறும் இன்மைச் சான்று எனத் தள்ளிவிட முடியாது. ஒப்பிட்டுக் காண ஒரு தலம் இருக்கிறது. புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன்கோயிலைப் பாடும் சம்பந்தர் சம்பாதியையும் சடாயுவையும் பெயர் சொல்லியே பாடுகிறார். கழுகுத் தொன்மம் ஒரு தலத்தோடு பிணைந்திருக்கும்போது தேவாரம் அதனை விடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும். காஞ்சிக்கு அருகே சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடமாகக் கொள்ளப்படும் திருப்புட்குழியைத் திருமங்கையாழ்வார் பாடியதையும் இங்கு எண்ணலாம். கழுக்குன்றத்தில் பெயர் முந்தியது, சடங்கு பிந்தியது என்று கொள்வதே சான்றுகளுக்கு இயைந்தது. கழுகுகள் தங்கிய குன்று கழுக்குன்றமாகி, அப்பெயரிலிருந்து தொன்மமும் அதிலிருந்து வழிபாடும் வளர்ந்திருக்கலாம்.

அதே வேளையில் மாணிக்கவாசகர் பதிகத்தின் ஒரு கூறு நம் பொருளுக்கு இன்றியமையாதது. அதன் பாடல் ஒவ்வொன்றும், இறைவன் இக்குன்றில் வந்து தன்னைக் காட்டியதைச் சொல்லியே முடிகிறது. குன்று முதலில் காட்சிக்குரிய இடம். தான் தேடிச் செல்லாமல் எதிரே வந்து தோன்றும் காட்சி அது. கனாவுக்கும் இவ்வியல்பு உண்டு; தமிழில் கனவைச் செய்வதில்லை, காண்கிறோம். உச்சிப்போதில் இரு வெண்பறவைகள் வானிலிருந்து இறங்கி வந்து தோன்றும் நிகழ்ச்சி, காட்சியருளும் இக்குன்றில் இறைவருகையின் மறுபதிப்பாக உணரப்பட்டதில் வியப்பில்லை.

தலபுராண மரபு கூறும் கதையின் சாரம் வருமாறு. சாபத்தால் கழுகுருப் பெற்ற முனிவர் எண்மர் உகத்துக்கு இருவராக இங்கு வழிபடுகின்றனர். கிருத உகத்தில் சண்டனும் பிரசண்டனும், திரேதா உகத்தில் சம்பாதியும் சடாயுவும், துவாபரத்தில் சம்புகுந்தனும் மாகுந்தனும், கலியில் சம்புவும் ஆதியும். பெயர்களும் வரிசையும் சொல்வார்க்குச் சொல்வார் சிறிது மாறும். காசி, இராமேசுவரம், சிதம்பரம் ஆகியவற்றோடு இக்குன்றையும் இணைத்து, அப்பறவைகள் ஒரே நாளில் பல தலங்களில் நீராடி, உண்டு, உறங்குவதாகவும் வழக்குண்டு. பிணத்தை நாடிப் பறக்கும் பறவையின் நெடும்பயணம் இங்குத் தலயாத்திரையாகிறது. பிணம் உண்ணும் வாய் சர்க்கரைப் பொங்கல் உண்கிறது. சாவுக்குறியான உருவம் வீடுபேற்றுக்குக் காத்திருக்கும் உயிராகிறது. குறியின் கூறுகள் ஒவ்வொன்றும் தலைகீழாக்கப்பட்டுள்ளன.

இவ்வூர்க்குத் தலபுராணமும் உலாவும் பாடியவர் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார். காட்சியால் பெயர்பெற்ற குன்றின் புராணத்தைப் பார்வையற்ற ஒரு புலவர் பாடினார் என்பது வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று. அவர் வாழ்ந்த அந்த 17ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர் குன்றேறி வந்து, பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தின் சுவர்களில் தம் பெயர்களைக் கீறிச் சென்றனர். அப்பெயர்களை இன்றும் காணலாம்.

வாராமையும் ஒரு குறி

கழுக்குன்றத்துக் குறிமரபில் ஆய்வாளர் போதிய அளவு கவனியாத பகுதி ஒன்றுண்டு. பறவைகள் நாள்தோறும் தவறாமல் வந்தன என்பது பெருமைப்பேச்சு. வாராத நாள்களும் இருந்தன. அந்நாள்களில் கூடியிருப்போருள் பாவி ஒருவர் இருப்பதாகச் சொல்லப்பட்டது. உணவுத்தட்டைத் தட்டி அழைத்தும் வானம் வெறிதாயிருப்பின் கூட்டத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். வருகை நற்குறி, வாராமை தீக்குறி. நிமித்த நூலின் விதி இங்கு முற்றிலும் புரண்டுவிடுகிறது. வால்மீகி இராமாயணத்தில் போருக்குச் செல்லும் கும்பகருணனின் சூலத்தின்மேல் கழுகு வந்து அமர்கிறது. அவன் அழிவுக்கு அது குறி. கழுக்குன்றத்துப் பாறையில் கழுகு வந்து அமராமல் இருப்பதே அழிவுக்குக் குறி.

இங்குக் கனவு பற்றிய சரகரின் மற்றொரு கூற்றைக் கொணரலாம். கனாக்களை அவர் ஏழாகப் பகுக்கிறார்: கண்டது, கேட்டது, நுகர்ந்தது, விரும்பியது, கற்பித்தது, வருவது உரைப்பது, உடற்குற்றத்தால் எழுவது. இவற்றுள் முதல் ஐந்தும் பயனற்றவை, பலன் தாரா என்பது அவர் துணிபு. பகலில் கண்டதை இரவில் கனாக் காண்டல் குறியாகாது. இவ்விதியைக் கழுக்குன்றத்துக்குப் பொருத்திப் பார்த்தால், நாள்தோறும் உச்சிப்போதில் கழுகைக் கண்டவர்க்குக் கழுகுக் கனா சரகர் நூற்படியே சாவுக்குறி ஆகாது. அது பகற்காட்சியின் எச்சம் மட்டுமே. ஆண்டுக்கொருமுறை வண்டிகட்டி வந்து குன்றேறிய அயலூரார்க்கோ அது ‘விரும்பியது’ என்னும் வகையில் அடங்கும். ஆக, கழுகைத் தீக்கனாவாக்கிய நூலே கழுக்குன்றத்தாரை அத்தீங்கிலிருந்து விடுவிக்கவும் வழி தருகிறது. இத்தகைய விலக்கை உரைகாரர் எவரும் எடுத்துரைக்கவில்லை எனினும் நூலின் தருக்கம் அதற்கு இடம் தருகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1977இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இக்கழுகுகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். மாமல்லபுரச் சிற்பம், கோலம், எழுத்து வரலாறு எனப் பல துறைகளில் உழைத்த அவர், தொன்மமும் பறவையியலும் சந்திக்கும் இடமாக இக்குன்றைக் கண்டதில் பொருத்தம் உண்டு. அக்குறிப்பு வெளிவந்தபோது பறவைகள் வந்துகொண்டிருந்தன. 1990களின் பிற்பகுதியில் வருகை நின்றது.

அதே காலத்தில் துணைக்கண்டம் முழுதும் பாறுகள் வீழ்ந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து தங்கிய பிணத்தை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தமை பாக்கிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வால் 2004இல் நிறுவப்பட்டது. இந்திய அரசு 2006இல் கால்நடைக்கான அம்மருந்தைத் தடை செய்தது. மனிதர்க்குரிய பெருங்குப்பிகள் கள்ளத்தனமாகக் கால்நடைக்குச் சென்றதால் 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மஞ்சள்முகப் பாறு 2007இல் உலக அளவில் அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் பாறுகள் எஞ்சி வாழும் முதன்மையான இடம் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு.

வருகை நின்றபோது பழைய விதி தானே இயங்கியது. வாராமை பாவத்தின் குறி என்றால், ஒருநாளும் வாராமை காலத்தின் பாவத்துக்கே குறி; கலி முற்றியதென்றனர். வேறு சிலர், சம்புவும் ஆதியும் சாபம் நீங்கி வீடுபெற்றனர் என்றனர். இரு விளக்கமும் ஒரே மரபிலிருந்து எழுந்தவையே. முன்னது கூட்டத்தில் தேடிய பாவியை மருந்துக் கடையிலும் மாட்டுக் கொட்டிலிலும் தேடியிருந்தால் அறிவியலோடு ஏறத்தாழ ஒன்றியிருக்கும்.

இதனாற் கனாவின் நிலையும் மாறிவிட்டது. கழுக்குன்றத்தில் 1990களுக்குப் பின் பிறந்தவர்க்குக் குன்றத்துக் கழுகு சரகரின் ‘கண்டது’ என்னும் வகையினின்று ‘கேட்டது’ என்னும் வகைக்குப் பெயர்ந்துவிட்டது. பாட்டி சொன்ன கதை, கோயிற் சுவரின் ஓவியம், திரைப்படத்தில் பாலைவனத்தின்மேல் வட்டமிடும் அயல்நாட்டுப் பறவை ஆகியவையே அவர்தம் கனவுக்குக் கருப்பொருள். அக்கருப்பொருளுள் கடைசியதே இன்று வலுவானது. அதில் கழுகு சாவின் குறி மட்டுமே. கோவூர்கிழாரின் கனாப் பட்டியலில் இல்லாத பறவை, கழுக்குன்றத்தில் நற்காட்சியாக நின்ற பறவை, வானில் இல்லாதுபோன பின்னரே தமிழ்க் கனவுப் பலன் நூல்களின் தீக்குறியாக முழுமை பெற்றுள்ளது. இந்நூல்களின் பழைய பதிப்புகளையும் புதிய பதிப்புகளையும் ஒப்பிட்டு, கழுகுக்குரிய பலன் எப்பதிப்பில் எவ்வாறு மாறியது என ஆராய்வது அடுத்துச் செய்யத்தக்க பணி. அவ்வொப்பீட்டில் வட தமிழகத்துப் பதிப்புகளைத் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும்; கழுக்குன்றத்துக்கு வண்டிகட்டிச் சென்ற வாசகர்கள் அங்கேதான் மிகுதி.